‘சீனன்’ என்னும் ஒருமை

லயனல் டெரி என்ற பெயரை ஒக்லாந்தில் வாழும் நம்மவர்களில் மிகச் சிலரே கேள்விப்பட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் பிறந்து 1901இல் நியூசிலாந்துக்கு வந்தவர். நல்ல உயரம், பேச்சு வன்மை, செய்யுள் கட்டும் பழக்கம் எல்லாம் உள்ளவர். 1904இல் ‘தி ஷடோ’, அதாவது ‘நிழல்’, என்றொரு சிறு செய்யுள் நூலை வெளியிட்டார். அந்நியர் குடியேற்றமும் இனக்கலப்பும் பிரித்தானியப் பேரரசை அரித்துவிடும் என்பது அதன் சாரம். அடுத்த ஆண்டு, வடக்கே மங்கொனுயியிலிருந்து தலைநகர் வெலிங்டன் வரை நடந்தே போனார். வழியிலுள்ள ஊர்களிலெல்லாம் தன் கருத்தைப் பரப்பிக்கொண்டு போனார். 1905 செப்டெம்பர் 24ஆம் திகதி மாலை, வெலிங்டனில் சீனர்கள் வாழ்ந்த ஹெய்னிங் வீதியில் ஜோ கும் யுங் என்ற முதியவரைச் சுட்டுக் கொன்றார். இறந்தவர் முன்பு தங்கம் தோண்டியவர், கால் ஊனமானவர். மறுநாள் காலை டெரி தானாகவே பொலிசுக்குப் போய்ச் சரணடைந்தார். குடியேற்றத்தின் ஆபத்தை நாட்டுக்கு உணர்த்தவே சுட்டதாகச் சொன்னார். மரண தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மனநல விடுதியில் 1952இல் இறக்கும்வரை அவர்மேல் இரக்கப்பட்டவர்களுக்கும் இந்த நாட்டில் குறைவிருக்கவில்லை.

கொலைக்கு முன்னால் ஒரு புத்தகம் இருக்கிறது. அதனால்தான் இதை ஓர் இலக்கிய இதழில் பேச வேண்டியிருக்கிறது. டெரிக்கு ஜோ கும் யுங் யாரென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அவருக்கு இருக்கவில்லை. அவருடைய எதிரி ஒருமையில் இருப்பவன். நாடு, இனம், கப்பலிலிருந்து இறங்கும் கூலி, மரக்கறி விற்கும் கிழவர் எல்லாரையும் அந்த ஒருமை விழுங்கிவிடும். பிறகு ஹெய்னிங் வீதியில் எந்த உடம்பு எதிர்ப்பட்டாலும் அதற்குப் பொருந்தும்.

தமிழில் இந்த ஒருமை இன்னும் எளிதாகக் கைக்கு வருகிறது. ‘சீனன்’ என்கிறோம். சீனன் துறைமுகத்தைப் பிடித்துவிட்டான், சீனன் விலையை ஏத்திப்போட்டான், சீனன்ர கடையில கீரை மலிவு. முதல் வாக்கியத்தில் வருபவன் ஓர் அரசு நிறுவனம். இரண்டாவதில் வருபவன் யாரென்றே தெரியாது. மூன்றாவது, நான் சனிக்கிழமைகளில் டொமினியன் றோட்டில் முட்டிமோதும் ஒரு பெண்மணி. மூவருக்கும் ஒரே ‘அன்’ விகுதி. பெண்மணிக்கும்கூட.

எழுச்சி பெற்ற ஒரு பொருளாதார வல்லரசைப் பற்றிய அச்சத்தை இந்நாட்டிலும் நம் மொழியிலும் எழுதியவர்களில், இந்த ஒருமையை யார் உடைக்கிறார்கள், யார் அதன்மேல் ஏறிச் சவாரி செய்கிறார்கள் என்பதே என் கேள்வி.

முதலில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். டெரி எழுதிய காலத்தில் சீனம் வல்லரசாக இருக்கவில்லை. 1900இல் எட்டு நாடுகளின் படைகள் பீக்கிங்கில் புகுந்திருந்தன. சிங் அரசுக்கு இன்னும் சில ஆண்டுகளே ஆயுள். அந்த வலுவற்ற நாட்டிலிருந்து வந்தவர்கள்மேல் நியூசிலாந்து 1881இல் தலைக்குப் பத்துப் பவுண் வரி போட்டது. 1896இல் அதை நூறு பவுணாக்கியது. கப்பலின் இத்தனை தொன் சரக்குக்கு ஒரு சீனர் என்றும் ஒரு கணக்கு வைத்திருந்தது. 1881இல் பத்துத் தொன்னுக்கு ஒருவர், 1896இல் இருநூறு தொன்னுக்கு ஒருவர். தலைவரி 1944இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. அதற்காகப் பிரதமர் ஹெலன் கிளார்க் 2002 பெப்ரவரியில் மன்னிப்புக் கேட்டார். அன்றைய குற்றச்சாட்டு, இவர்கள் ஏழைகள், குறைந்த கூலிக்கு வேலை செய்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறார்கள் என்பது. இன்றைய குற்றச்சாட்டு, இவர்கள் பணக்காரர்கள், கூடிய விலை கொடுத்து எங்கள் வீட்டைப் பறிக்கிறார்கள் என்பது. நூறு ஆண்டுகளில் சீனம் தலைகீழாக மாறிவிட்டது. அந்த வாக்கியத்தின் எழுவாய் மட்டும் மாறவேயில்லை.

1993இல் ஒக்லாந்தின் கிழக்குப் புறநகரில் இலவசமாக விநியோகிக்கப்பட்ட பத்திரிகையொன்றில் பற் பூத் எழுதிய கட்டுரைத் தொடரின் தலைப்பு ‘இன்வ்-ஏசியன்’. படையெடுப்பு என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ஆசியனை இடுக்கிய சொல் விளையாட்டு. ஒரு தலைப்பாகப் பார்த்தால் கெட்டித்தனமானது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் முப்பது வருடம் கழித்தும் கட்டுரையின் உள்ளடக்கம் மறந்து தலைப்பு மட்டும் நினைவில் நிற்கிறது. 2006 டிசெம்பரில் ‘நோர்த் அண்ட் சவுத்’ சஞ்சிகையில் டெபோரா கொடிங்டன் எழுதிய ‘ஏசியன் அங்ஸ்ட்’ அதைவிடக் கனமான தொனியில் வந்தது. ஆசியர்களின் குற்றங்கள் பெருகுகின்றன என்றது. குற்றங்களின் எண்ணிக்கை கூடியிருந்தது உண்மை. ஆனால் அதைவிட வேகமாக ஆசியர்களின் தொகை கூடியிருந்தது. தலைக்கணக்கில் பார்த்தால் குற்றம் குறைந்திருந்தது. கவிஞரும் கட்டுரையாளருமான ட்சே மிங் மொக் முதலியோர் முறைப்பாடு செய்தார்கள். பத்திரிகைப் பேரவை 2007இல் அதை ஏற்றுக்கொண்டது. வகுத்தலைச் செய்யாமல் கூட்டலோடு நிறுத்திக்கொண்ட கட்டுரை என்று அதைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

இதில் நமக்கும் பங்குண்டு. நியூசிலாந்துக் குடிசனக் கணக்கெடுப்பில் ‘ஆசியர்’ என்ற பெட்டிக்குள் இந்தியரும் இலங்கையரும் அடக்கம். சன்றிங்ஹமில் மசாலைத் தோசை சாப்பிடும் நானும் அந்தத் தொகைக்குள் ஒருவன். ஆனால் தெருவில் அந்தச் சொல்லைச் சொன்னால் யாருக்கும் என் முகம் நினைவுக்கு வருவதில்லை. இந்த இடைவெளி நமக்கு வசதியாகப் போய்விட்டது. இப்படியான கட்டுரைகளை வாசிக்கும்போது ‘இது எங்களைச் சொல்லேல்லை’ என்று நாம் பக்கத்தைப் புரட்டிவிடலாம். புரட்டியும் இருக்கிறோம். அந்த ஆண்டுகளில் இதற்குத் தமிழில் எழுதப்பட்ட ஒரு பதிலும் என் கண்ணில் பட்டதில்லை.

இந்த வரிசையில் நின்று பார்க்க வேண்டியது 2015. அந்த வருடம் ஜூலை 11ஆம் திகதி, தொழிற்கட்சியின் வீடமைப்புப் பேச்சாளர் பில் ட்வைபோர்ட் ‘நியூசிலாந்து ஹெரல்ட்’ மூலம் ஒரு கணக்கை வெளியிட்டார். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒக்லாந்தில் நடந்த ஏறத்தாழ 4,000 வீட்டு விற்பனைகளின் பட்டியல் அது. வீட்டு முகவர் நிறுவனமொன்றிலிருந்து கசிந்தது. வாங்கியவர்களில் நூற்றுக்கு 39.5 பேருக்குச் ‘சீன ஒலியுள்ள’ குடும்பப் பெயர்கள் என்றது கணக்கு. 2013 குடிசனக் கணக்கின்படி ஒக்லாந்தில் சீனர்கள் நூற்றுக்கு ஒன்பது பேர். இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்துக்கு வெளிநாட்டுப் பணமே காரணம் என்பது அவருடைய வாசிப்பு.

வாசிப்பு என்று நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அதன் பெயர்களிலிருந்து ஒரு கதையை வருவித்தார்கள். இலக்கிய மாணவர்கள் செய்யும் வேலைதான் இது. ஆனால் பாடத்தில் இல்லாத ஒன்றைப் பாடம் சொல்வதாகக் காட்டினார்கள். குடும்பப் பெயர் ஒருவரின் முன்னோரைப் பற்றி ஏதாவது சொல்லலாம். அவர் எங்கே வரி கட்டுகிறார், எங்கே வாக்களிக்கிறார், இரவில் எங்கே தூங்குகிறார் என்பதை அது சொல்லாது. தலைவரி கட்டி வந்தவரின் நான்காம் தலைமுறைப் பேத்தியும், ஷாங்காயில் இருந்துகொண்டு பணம் அனுப்பும் முதலீட்டாளரும் ஒரே ‘வொங்’காக இருக்கலாம். ‘லீ’ என்றால் சீனராக இருக்கலாம், கொரியராக இருக்கலாம், கிழக்கு இங்கிலாந்தின் விவசாயி ஒருவரின் வழித்தோன்றலாகவும் இருக்கலாம். கணக்கைப் போட்டவர்கள் நிகழ்தகவு முறையில் பெயர்களைப் பகுத்ததாக விளக்கினார்கள். கணிதம் சரியாகவே இருக்கட்டும். எதை எண்ணுவது என்று தீர்மானித்த இடத்திலேயே கோணல் விழுந்துவிட்டது.

பெயர்ப் பட்டியலை வைத்து ஆளைத் தீர்மானிப்பது என்றால் என்னவென்று நம் தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்பு இருந்தது. ஒக்லாந்துப் பட்டியலை அதோடு ஒன்றாக்கிப் பேச நான் வரவில்லை. இங்கே யாரும் யாருடைய வீட்டையும் எரிக்கவில்லை. ஆனால் அந்த இடாப்பைத் தெரிந்தவர்கள் இந்தப் பட்டியலைக் கண்டு கொஞ்சமாவது திடுக்கிட்டிருக்க வேண்டும் அல்லவா? மவுண்ட் ரொஸ்கில்லில் ஒரு பிறந்தநாள் வீட்டில் அண்ணை ஒருவரோடு இதைப் பற்றிக் கதைத்தேன்.

“எங்கட றோட்டில மட்டும் மூண்டு வீடு சீனன் வாங்கிப்போட்டான். ஏலத்தில அவனோட நிண்டு பிடிக்கேலாது” என்றார்.

“அண்ணை, அவை இஞ்ச இருக்கிற சனமோ, வெளியில இருந்து வாங்கினவையோ?”

“அது தெரியாது. பேரைப் பாத்தா விளங்கும்தானே.”

அண்ணைக்கு வாடகைக்கு விட்ட வீடுகள் இரண்டு உண்டு. அதை நான் அப்போது சொல்லவில்லை. கொத்துரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால், 2015இன் கவலைக்குள் ஒரு உண்மையான கேள்வி இருந்தது. வெளிநாட்டுப் பணம் எவ்வளவு வருகிறது என்று அறிய அன்று அரசிடம் எந்தப் பதிவேடும் இருக்கவில்லை. வைத்திருக்கவும் அது விரும்பவில்லை. பெயர்களை எண்ணியவர்கள், எண்ண வேறு ஒன்றும் இல்லாததால்தான் எண்ணினோம் என்றார்கள். அந்த வாதத்தில் ஓரளவு நேர்மை உண்டு. அந்த வருடம் ஒக்டோபரிலிருந்து வாங்குபவர்களின் வரி வதிவிடம் பதிவானது. அடுத்த வருடம் வெளியான முதல் எண்களில், நாடளாவிய ரீதியில் வெளிநாட்டு வரி வதிவிடம் கொண்டவர்கள் நூற்றுக்கு மூன்று அளவில் இருந்தார்கள். அந்த எண்ணிலும் ஓட்டைகள் உண்டென்று சொன்னார்கள். அதுவும் சரிதான். ஆட்சி மாறி, 2018 ஒக்டோபர் 22 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்குவது பெரும்பாலும் தடை செய்யப்பட்டது. அவுஸ்திரேலியருக்கும் சிங்கப்பூரியருக்கும் விலக்கு. பிறகு 2020இல் பெருந்தொற்றுக்காக எல்லைகளே மூடப்பட்டன. தடையும் இருந்தது, பூட்டும் இருந்தது. அந்த நிலையில்தான் ஒக்லாந்தின் நடுநிலை வீட்டு விலை பத்து லட்சம் டொலரைத் தொட்டது. வட்டி வீதம் ஏன் விழுந்தது, காணிச் சட்டம் எப்படி வேலை செய்கிறது, அண்ணை ஏன் இரண்டு வீடு வைத்திருக்கிறார் என்றெல்லாம் எழுதுவதற்கு உழைப்பு வேண்டும். ‘சீனன்’ என்று எழுதுவது சுலபம்.

அப்படியானால் சீன அரசின் வளர்ச்சியைப் பற்றி எழுதுவதே இனவாதமா? இங்கே சிலர் அப்படித்தான் வாதிடுகிறார்கள். சீனத் தூதரகத்துக்கும் அந்த வாதம் மிகவும் பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2008இல் சீனத்தோடு சுதந்திர வணிக உடன்படிக்கை செய்த முதல் வளர்ந்த நாடு நியூசிலாந்து. இன்று இந்த நாட்டின் பால்மாவும் மரமும் மிக அதிகமாகப் போவது அங்கேதான். 2025 பெப்ரவரியில் சீனக் கடற்படையின் மூன்று கப்பல்கள் தாஸ்மன் கடலில் சுடுபயிற்சி நடத்தியபோது பயணிகள் விமானங்கள் பாதை மாறிப் பறந்தன. வாடிக்கையாளரும் அவர், கப்பல் கொண்டு வருபவரும் அவர் என்றால் ஒரு சிறிய நாடு பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தை எப்படி எழுதுவது என்பதற்கு என் கையில் உள்ள நல்ல உதாரணம், கன்ரபரி பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்-மரி பிரேடி 2017 செப்டெம்பரில் வெளியிட்ட ‘மஜிக் வெப்பன்ஸ்’ ஆய்வறிக்கை.

இலக்கிய நயம் தேடுபவர்கள் அதை வாசிக்க வேண்டாம். வறண்ட நடை. ஆனால் அதில் ஒருமை உடைகிறது. கட்சி, கட்சியின் ஐக்கிய முன்னணிப் பிரிவு, தூதரகம், வணிக நிறுவனம், முன்னாள் அமைச்சர்களைப் பணிப்பாளர் சபையில் அமர்த்தும் வங்கி, இங்குள்ள சங்கங்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயரோடும் ஆண்டோடும் வருகின்றன. அதில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது வேறு. இங்குள்ள சீனமொழிப் பத்திரிகைகளின் சுயாதீனம் எப்படிச் சுருங்கியது என்று அவர் காட்டுகிறார். அப்படியென்றால் அந்த அரசின் நீண்ட கையை முதலில் தோளில் உணர்ந்தவர்கள் ஒக்லாந்துச் சீனர்களே. டெரியின் வாக்கியத்தில் அவர்கள் படையெடுத்து வந்தவர்கள். பிரேடியின் வாக்கியத்தில் நெருக்கப்படுகிறவர்கள். 2018 பெப்ரவரியில் பிரேடியின் வீடு உடைக்கப்பட்டது. யார் செய்தார்கள் என்பது கண்டுபிடிக்கப்படவில்லை. அறிக்கையின்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதில் அடுக்கப்படும் ஆட்களின் பெயர்கள், கவனமில்லாத வாசகரின் கையில் இன்னொரு குடும்பப் பெயர்ப் பட்டியலாகிவிடக்கூடும். அவர் எச்சரித்துத்தான் எழுதுகிறார். ஆனால் அறிக்கைகளை முழுவதும் வாசிப்பவர்கள் குறைவு.

அதே வேலையை ஒரு நாவல் வேறு விதமாகச் செய்கிறது. அலிசன் வொங் 2009இல் வெளியிட்ட ‘அஸ் தி ஏர்த் டேர்ன்ஸ் சில்வர்’, மறு ஆண்டு நியூசிலாந்து போஸ்ட் புனைகதைப் பரிசைப் பெற்றது. வெலிங்டனில் பழக்கடை நடத்தும் யுங், ஷுன் என்ற சகோதரர்கள், கதரின் என்ற விதவை, அவளுடைய இரண்டு பிள்ளைகள். அவளுடைய இறந்த கணவன் டொனால்ட் பத்திரிகைக்காரன், சீனர்களை வெறுத்து எழுதியவன். மகன் ரொபி தகப்பனைத் தெய்வமாக நினைக்கிறான். லயனல் டெரியும் இந்த நாவலில் வருகிறார். யுங்குக்கும் கதரினுக்கும் இடையில் காதல் வளர்கிறது. முடிவை நான் சொல்லவில்லை, வாசியுங்கள்.

நான் இதை மதிப்பதற்குக் காரணம் காதல் அல்ல. பழக்கடையின் வேலை இதில் இருக்கிறது. விடிய முன் எழும்புதல், பெட்டி தூக்குதல், அழுகினதைக் கழித்தல், ஊரில் விட்டுவந்த மனைவிக்குப் பணம் அனுப்புதல். நூறு பவுண் தலைவரி ஒரு குடும்பத்துக்குள் என்ன செய்கிறது என்பதை எந்த வரலாற்று நூலையும்விட அந்த மனைவியின் இல்லாமை எனக்கு விளக்கியது. கொழும்பில் கடை வைத்து வேலணையில் குடும்பம் வைத்திருந்த நம் பாட்டன்மாரை அறிந்தவர்களுக்கு இந்த வீடு அந்நியமாகத் தெரியாது. யுங்கும் ஷுன்னும் ஒரே வீட்டுச் சகோதரர்கள், ஆனால் இரண்டு வேறு மனிதர்கள். ‘சீனன்’ இரண்டாகப் பிளந்துவிட்டான். அவ்வளவு போதும், டெரியின் செய்யுள் அங்கே வேலை செய்யாது.

நாவலில் பிழைத்த இடமாக எனக்குத் தோன்றுவது டொனால்ட். அவன் வீட்டிலும் கொடியவன், எழுத்திலும் கொடியவன். வெறுப்பு எழுதுபவர்கள் அப்படி ஒரேயடியாகக் கெட்டவர்களாக இருந்தால் சமாளிப்பது எளிது. டெரி பலருக்கும் பிடித்த மனிதர். மனநல விடுதியிலிருந்து தப்பி ஓடியபோது அவருக்கு ஆதரவாகப் பேசியவர்கள் நல்ல குடும்பத்து ஆட்கள். 2015இன் கணக்கை வெளியிட்டவர்கள் முற்போக்காளர்கள், தொழிலாளருக்கும் வாடகைக்கு இருப்போருக்கும் குரல் கொடுப்பவர்கள். அச்சத்தை எழுதுபவரின் நல்ல மனம்தான் அந்த எழுத்தின் கவர்ச்சி. வொங்கின் நாவல் அந்தக் கவர்ச்சிக்குக் கிட்டப் போகவில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். சீனத்தின் இலக்கியப் பக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் வல்லரசும் எழுதுகிறது, தமிழிலேயே எழுதியிருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டு, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. மிங் பேரரசரின் கப்பற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது. சீனப் பகுதி புத்தரைப் போற்றிக் காணிக்கை செலுத்துகிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது. பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனைப் போற்றுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைகள் ஏறக்குறைய ஒரே அளவு. எந்த வாசகருக்கு எந்தத் தெய்வம் என்று இவ்வளவு துல்லியமாக அறிந்து எழுதிய கல்லை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதே செங் ஹே, 1411 அளவில் இலங்கையில் போரிட்டு அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுபோனார். காணிக்கைப் பட்டியலையும் சிறைப்பிடிப்பையும் சேர்த்து வாசித்தால்தான் அந்தக் கல் முழுமையாகும்.

2021 டிசெம்பரில் சீனத் தூதுவர் சீ சென்ஹோங் யாழ்ப்பாணம் வந்தார். வேட்டி கட்டி, வெறும் மேலோடு நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டார். பொது நூலகத்துக்கும் போனார். படத்தைப் பார்த்தவுடன் எனக்குக் காலிக் கல் நினைவுக்கு வந்தது. அறுநூறு ஆண்டுகள் கழித்தும் அதே எழுத்து முறை, கல்லுக்குப் பதில் வேட்டி. ஆனால் நம் பத்திரிகைகளில் வந்த எழுத்து இரண்டு வகைதான். ஒன்று, தூதுவரின் பக்தியை மெச்சியது. மற்றது, சீனன் வடக்குக்குள் நுழைந்துவிட்டான் என்று அலறியது. அந்த வேட்டியை ஒரு பாடமாக வைத்து, யாருக்கு எழுதப்பட்டது என்று கேட்டவர் இல்லை. என் எண்ணத்தில் அதன் முதல் வாசகர் நல்லூரில் இருக்கவில்லை, டில்லியில் இருந்தார்.

அந்த வருகைக்கு முன்கதை ஒன்றுண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் இலங்கையின் பிரதான மின்தொகுதியோடு இணைக்கப்படாதவை. டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை. அங்கே சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டம் அமைக்க, ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் கேள்விப்பத்திரம் கோரப்பட்டது. 2021 ஜனவரியில் அதை ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க இலங்கை அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இராமேஸ்வரத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரம் என்பதால் இந்தியா எதிர்த்தது. டிசெம்பர் தொடக்கத்தில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையைக் காரணம் காட்டி, திட்டத்தை இடைநிறுத்துவதாகச் சீனத் தூதரகம் அறிவித்தது. சில நாட்களில்தான் வேட்டி. 2022 மார்ச்சில் இந்தியா நன்கொடையாக இதைச் செய்ய உடன்படிக்கை கைச்சாத்தானது. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றோடு ஒப்பந்தம்.

இதைப் பற்றித் தமிழில் வந்த பத்திகளில் என்னால் தேடிப்பிடிக்க முடிந்தவற்றைப் படித்தேன். தமிழகத்து எழுத்து, ஈழத்து எழுத்து, புலம்பெயர் எழுத்து மூன்றும். 50 கிலோமீற்றர் எல்லாவற்றிலும் இருக்கிறது. வரைபடம் இருக்கிறது, முத்துமாலை வியூகம் இருக்கிறது, அம்பாந்தோட்டையின் 99 வருடக் குத்தகை இருக்கிறது. டீசல் மின்பிறப்பாக்கி ஒரே ஒரு வரியில், பெரும்பாலும் அடைப்புக்குறிக்குள். இருட்டில் இருப்பவர் ஒருவர்கூட அவற்றில் வாய் திறக்கவில்லை. தீவு என்றால் நிலம், அதில் சனம் இல்லை. டெரிக்கு ஹெய்னிங் வீதி எப்படியோ, அப்படித்தான் நம் பத்தி எழுத்தாளருக்கு அனலைதீவு ஆகியிருக்கிறது. இவர்கள் யாரையும் சுடவில்லை என்பது வேறு விஷயம்.

கடலட்டை விவகாரமும் இப்படித்தான் போனது. கௌதாரிமுனையில் சீனத் தொடர்புள்ள நிறுவனமொன்றின் பண்ணை 2021இல் சர்ச்சையானபோது ‘சீனன் கடலையும் பிடிச்சான்’ என்று எழுதித் தள்ளினார்கள். மீனவர்களின் கேள்வி வேறு. அனுமதி எங்கே, எங்கள் வலைக்கு இனி எங்கே இடம் என்று கேட்டார்கள். 2022இல் கிராஞ்சியில் சிறுமீனவர்கள் கடலட்டைப் பண்ணைகளுக்கு எதிராக நீண்ட நாட்கள் போராடினார்கள். அந்தப் பக்கத்தில் நம்மவர் பெயரிலான பண்ணைகளும் உண்டு. அப்போது நம் பேனைகளுக்கு மை காய்ந்துவிட்டது. ஒருமை பொருந்தாத இடத்தில் கட்டுரை எழுதுவது கஷ்டம்.

இதைப் பசிபிக்கிலிருந்து பார்க்கும்போது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2025 பெப்ரவரியில் குக் தீவுகளின் பிரதமர் மார்க் பிரவுன் சீனத்தோடு ஒரு பங்காளித்துவ உடன்படிக்கை செய்தார். போதிய அளவு கலந்தாலோசிக்கவில்லை என்று வெலிங்டன் கோபப்பட்டது. ஜூனில், 1 கோடியே 82 லட்சம் நியூசிலாந்து டொலர் நிதியுதவியை நிறுத்திவைத்த செய்தி வெளியானது. குக் தீவுகளின் மக்கள்தொகை ஏறத்தாழ 15,000. நியூசிலாந்தில் வாழும் குக் தீவார் 80,000க்கு மேல், பெரும்பாலோர் ஒக்லாந்தில். எங்கள் கொல்லைப்புறத்தில் பெய்ஜிங் என்ற தொனியில் இங்கே எழுதினார்கள். கொல்லைப்புறம் என்பது வீட்டுக்காரரின் சொல். மங்கரேயில் இருக்கும் ஒரு குக் தீவுக் குடும்பம் அந்தச் சொல்லை வாசிக்கும்போது எப்படி இருந்திருக்கும் என்று நெடுந்தீவாருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இதழில் சென்ற சில ஆண்டுகளில் பூகோள அரசியல் கட்டுரைகள் பல வந்திருக்கின்றன. வல்லரசுகளைப் பற்றி எழுதும் நண்பர்களிடம் எனக்கு ஒரு சிறிய வேண்டுகோள் உண்டு. அடுத்த கட்டுரையில் ‘சீனன்’ வருகிற ஒவ்வோர் இடத்திலும் அவரை நிறுத்தி, நீங்கள் பெய்ஜிங் அரசா, ஒப்பந்தம் எடுத்த நிறுவனமா, கடைக்காரரா என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராத இடத்தில் வாக்கியத்தை வெட்டிவிடுங்கள். கட்டுரை பாதியாகச் சுருங்கினால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். மீதி இடத்துக்கு எனக்கு ஒரு ஆள் வேண்டும். குறிகாட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் ஒருவர். 2021 ஜனவரியிலிருந்து இன்றுவரை எத்தனை தூதுவர்கள் வந்தார்கள், எத்தனை மணிக்கு லைட் நின்றது என்று அவர் எழுதித் தந்தால், எந்தப் பிழை திருத்தமும் இல்லாமல் அப்படியே போடச் சொல்லி ஆசிரியரிடம் நானே கேட்பேன்.